உல்லாசப் பயணிக்குத் தேனீ, தோட்டத் தொழிலாளிக்குக் குளவி

மலையகத்திலிருந்து பத்திரிகைக் காரியாலயத்துக்கு வரும் செய்திகளுள் சில, ஊரின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி ஆண்டு முழுவதும் பிரசுரிக்கக் கூடியவை. மண்சரிவு ஒன்று. லயன் குடியிருப்பில் தீ மற்றொன்று. மூன்றாவது குளவிக் கொட்டு. தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இத்தனை பேர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். மரத்திலிருந்த கூட்டைப் பருந்து ஒன்று கலைத்ததே காரணம் எனத் தெரியவருகிறது. செய்தி மேசையில் இருந்த காலத்தில் இந்த வாசகத்தை எத்தனை தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை. எவரேனும் இறந்துவிட்டால் மட்டும் அச்செய்தி உட்பக்கத்திலிருந்து முன்பக்கத்தின் கீழ் மூலைக்கு நகரும். அந்தக் குளவி எது, அந்தப் பருந்து எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அண்மையில் சொந்த அலுவலாகப் பண்டாரவளைக்குச் சென்றபோது, இரண்டு நாட்கள் எல்லவில் தங்க நேர்ந்தது. நான் முதன்முதலில் கண்ட எல்ல, புகையிரத நிலையமும் நான்கைந்து கடைகளும் மேலே மூடுபனியும் கொண்ட ஒரு சிற்றூர். இன்று அது இலங்கையின் விளம்பரப் படங்களில் முதலிடம் பெறும் ஊர்களுள் ஒன்று. தெமோதரையில் 1921 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது வண்டி வரும் நேரத்தை, முச்சக்கர வண்டிச் சாரதிகள் நிலைய அதிபரைவிடத் துல்லியமாக அறிந்துவைத்திருக்கிறார்கள். அதில் தவறு காண்பதற்கில்லை. அவர்களுள் பலர் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள். அவர்களது தாய்மாருக்குக் கிடைக்காத கௌரவமான வருமானத்தை அந்த வண்டி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

நான் தங்கிய விடுதியின் மேசையில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. கிராமிய உல்லாசப் பயண அனுபவம் பற்றியது. அரை நாளில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம், தேனீப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், காட்டுத் தேனைக் கித்துள் கருப்பட்டியுடன் சுவைக்கலாம் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தாளின் நடுவே ஒரு தேன் அடையின் படம். மரக்கிளையில் தொங்கும், முழம் கணக்கில் அகலமான, ஒற்றை அடை. எனக்கு அது அழகாகவே தோன்றியது.

மறுநாள் அதே தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய நண்பர் ஒருவரின் உறவினரைப் பார்க்க அருகிலுள்ள தோட்டமொன்றுக்குப் போனேன். லயத்தின் முன்வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா தாளை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

“இதுதாங்க ஐயா, என்னையக் கொட்டுனது” என்றார்.

குளவியா என்று கேட்டேன்.

“பேப்பர்லயும் அப்படித்தான் போட்டாங்க. அது கொளவி இல்லீங்க ஐயா, தேன் வைக்கிற சாதி. கொளவி கொட்டுனா முள்ளு ஒடம்புல தங்காதுங்க. எனக்கு ஆஸ்பத்திரியில ஒக்கார வச்சு முள்ளு முள்ளா எடுத்தாங்க.”

அவரோடு அன்று மலையில் நின்றவர்களில் ஒருவர் உயிர் தப்பவில்லை. அந்தச் செய்தியையும் அனேகமாக நானே திருத்தியிருப்பேன்.

இந்த நாட்டின் தேனீக்களைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் மேலே செல்ல முடியாது. இலங்கையில் தேன் சேர்க்கும் இனங்கள் நான்கு. சிங்களத்தில் மீ மெஸ்ஸா எனப்படுவது, மரப் பொந்திலும் கற்குகையிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இனம். பானையிலோ பெட்டியிலோ குடியேறச் சம்மதிப்பது அது. சிறு கொம்புகளில் உள்ளங்கை அளவு அடை கட்டும் குறுந்தேனீ இன்னொன்று. சுவர் வெடிப்பில் வாழும் கொட்டாத கொசுத்தேனீ மூன்றாவது. நான்காவது மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா. தேனீக்களுள் மிகப் பெரிய இனங்களுள் ஒன்று. உயர்ந்த மரக்கிளையிலும் செங்குத்துப் பாறையிலும் திறந்த வெளியில் ஒரேயோர் அடையைக் கட்டி, அதன்மீது ஆயிரமாயிரமாய்ப் போர்வைபோல் படிந்திருக்கும். பெட்டிக்குள் அடங்காது. பருவத்துக்கேற்ப மேல்நாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே இடம்பெயரும். ஜேர்மனிய ஆய்வாளர்களான கொயெனிகர் தம்பதியர் இலங்கையில் இதை அவதானித்து 1980 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். போன கூட்டம் பெரும்பாலும் அடுத்த பருவத்தில் பழைய மரத்துக்கே திரும்பிவரும் என்பது தோட்டத்திலுள்ள எல்லோருக்கும் தெரியும்.

பத்திரிகைச் செய்தியின் பருந்துக்கும் பெயர் உண்டு. தேன்பருந்து. அடையைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பது அதன் பிழைப்பு. அதன் இறகு முள் எளிதில் இறங்காத அளவுக்கு அடர்த்தியானது. சினந்தெழும் கூட்டம் கீழே கொழுந்து பறிப்பவர்மீது இறங்குகிறது. ஒரு தேனீ கொட்டிய இடத்தில் படியும் வாசனை மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கும். அந்த வாசனை பழுத்த வாழைப்பழத்தை ஒத்தது என்பார்கள். கொட்டிய தேனீயின் முள், நஞ்சுப் பையுடன் தோலில் நின்றுவிடுகிறது. பையிலிருந்து நஞ்சு தொடர்ந்து இறங்கும் என்பதால் எவ்வளவு விரைவாக அதைச் சுரண்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. உண்மையான குளவிக்கு இந்த முள் சங்கதி இல்லை. அது தன் முள்ளை மீட்டுக்கொண்டு மறுபடியும் கொட்டும். அதன் கூடு மெழுகால் ஆனதல்ல, மரநாரை மென்று செய்த காகிதத்தால் ஆனது. மலையகத்தில் குளவியும் உண்டு, அதன் கொட்டிலும் மனிதர் இறந்திருக்கிறார்கள். ஆனால் நாம் குளவி என்று எழுதித் தள்ளிய செய்திகளில் கணிசமானவை மலைத்தேனீயின் செய்திகள் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. குளவி என்றால் அது எங்கிருந்தோ வந்த விபத்து. தேனீ என்றால், அது எந்த மரத்தில் எந்தப் பருவத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. முன்கூட்டித் தெரிந்த ஆபத்துக்கு நிருவாகம் பொறுப்புச் சொல்ல வேண்டும். நிழலுக்காக நட்ட சவுக்கு மரத்தில் அடை தொங்குவதை வெளிக்கள உத்தியோகத்தர் காலையில் பார்க்கிறார், கங்காணி பார்க்கிறார், கூடையுடன் மலையேறும் பெண்ணும் பார்க்கிறார். பார்த்த பின்னரும் அதே மலையில் அன்றைய கொழுந்து பறிக்கப்படுகிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் இருக்கிறது. தேனீ கொட்டி இறந்த எத்தனை பேரின் குடும்பங்கள் அதன் கீழ் நட்டஈடு பெற்றன என்ற கேள்வியை மலையகத்தின் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரேனும் எழுப்பினால் நன்றாயிருக்கும்.

இவ்விடத்தில் சீகிரியாவை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் குன்றின் பாறை முகத்தில் மலைத்தேனீயின் அடைகள் தொங்குவதை அங்கு ஏறியவர்கள் கண்டிருப்பார்கள். சத்தமிட வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகைகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள ஆங்கிலப் பலகைகளிலும் அது குளவி என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே பலகை மட்டும் இல்லை. கூட்டம் எழுந்தால் பயணிகள் ஓடி ஒளிவதற்குக் கம்பிவலைக் கூண்டுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. தேவையானபோது ஏறுவதும் நிறுத்தப்படுகிறது. வருடத்தில் ஒரு நாள் ஏறி இறங்குபவருக்கு வலைக்கூண்டு. வருடத்தின் எல்லா வேலை நாட்களிலும் மரத்தின் கீழ் நிற்பவருக்கு என்ன? நான் பார்த்த தோட்டங்கள் எதிலும் அத்தகைய கூண்டு ஒன்றைக் கண்டதில்லை. கூண்டு வேண்டாம், ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உடனடியாகக் கொடுக்க வேண்டிய அட்ரினலின் ஊசி தோட்ட மருந்தகத்தில் இருந்தாலே சில உயிர்கள் தப்பும்.

இனித் தேன் பக்கத்துக்கு வருவோம். ஊவாவின் தேனுக்கு நீண்ட வரலாறு உண்டு, அதைப் பிரசுரத்தில் காணவில்லை. 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் தேனீக்களை மூன்றாக வகுத்து, அவற்றின் சிங்களப் பெயர்களையும் எழுதிவைத்தார். ஊர்மக்கள் நாற்பது ஐம்பது பேராகத் திரண்டு காட்டுக்குப் போய்த் தேன் எடுத்துச் சுமையோடு திரும்பும் வழக்கத்தை அவர் குறிப்பிட்டிருக்கிறார். வேடர்கள் மரத்தைக் குடைந்து, தேனூற்றி அதில் இறைச்சியை இட்டு, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமித்ததையும் சொல்கிறார். அவரை அந்நியர் என்று ஒதுக்கலாம். ஆனால் அவர் பம்பரா எது, மீ மெஸ்ஸா எது என்று கேட்டு அறிந்து எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

நொக்ஸுக்கு முன்பே நமது சமய மரபு இந்தத் தேனைப் பற்றிப் பேசியிருக்கிறது. கதிர்காமம் ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. வேடர் மகளான வள்ளியிடம் கிழவர் வேடத்தில் வந்த முருகன் தேனும் தினைமாவும் கேட்டதாகக் கதை. ஊவாவுக்கு வந்து தேன் கேட்ட முதல் வெளியூர்ப் பயணி அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர் வாங்கிச் சாப்பிட்டதோடு போய்விடவில்லை, அந்தக் குடியிலேயே பெண் எடுத்து உறவு கொண்டாடினார். பின்வந்த பயணிகளுக்கு அவ்வளவு கடப்பாடு இல்லை.

வெலிமடைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் வீட்டு இறப்பின் கீழ் மண்பானையைத் தொங்கவிட்டுத் தேனீ பிடிக்கும் வழக்கம் இன்னமும் முற்றாக அழிந்துவிடவில்லை. பானையின் உட்புறத்தில் பழைய மெழுகைத் தேய்த்துச் சிறிய வாய் விட்டு வைத்தால், பிரிந்து செல்லும் கூட்டமொன்று வந்து குடியேறும். முதியவர் ஒருவர் முன்பொருமுறை தமது பானையை எனக்குக் காட்டினார். எவ்வளவு தேன் கிடைக்கும் என்று கேட்டேன். “மாத்தயா, அது அவர்கள் விரும்பினால் தருவது” என்று சிங்களத்தில் பதில் சொன்னார். தேனீக்களை அவர் மரியாதைப் பன்மையில் குறிப்பிட்டது நினைவில் நிற்கிறது. எடுத்த தேனில் முதல் பங்கு விகாரைக்கு, அடுத்தது வீட்டு மருந்துக்கு, மிஞ்சினால் விற்பனைக்கு என்பது அவரது ஒழுங்கு.

அரசாங்கமும் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று கூறமுடியாது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளை, பிந்துனுவெவவில் இயங்குகிறது. அப்பிரதேசத்தின் யூக்கலிப்டஸ் தோப்புகள் பூக்கும் காலம் தேனீக்களுக்கு அறுவடைக் காலம். ஆர்.டபிள்யூ.கே. புஞ்சிஹேவா 1994 இல் வெளியிட்ட இலங்கைத் தேனீ வளர்ப்பு நூல், உள்ளூர் இனத்தை உள்ளூர்ப் பருவத்தை அறிந்து வளர்ப்பது எப்படி என்று விளக்கும் நல்ல கைந்நூல். தமிழில் அப்படியொன்று தோட்டத்து இளைஞர் கையில் இருப்பதை நான் கண்டதில்லை.

பிந்துனுவெவ என்று எழுதும்போது பேனா சற்றே தயங்குகிறது. தமிழ் வாசகருக்கு அந்தப் பெயரில் தேன் நினைவுக்கு வராது. 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமினுள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றினால் அடித்தும் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் எஞ்சியோரையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நான் அவ்வூருக்கு முதன்முதல் போனது தேனீ பார்க்க அல்ல. அழகிய நாட்டுப்புறம் என்று நாம் சொல்லும் எந்த ஊருக்கும் இப்படி இன்னொரு முகவரி இருக்கக்கூடும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி லயங்களோடு மண்ணில் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்தையும் இதே பதுளை மாவட்டத்தின் அழகிய சரிவுகளில் ஒன்றுதான். விடயத்தை விட்டு விலகவில்லை. காட்சியை மட்டும் விற்று, அங்கு வாழ்பவரை அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்துவதுதான் என் முறைப்பாடு.

வெளியே நிறுத்தப்பட்டவர்களில் மூத்தவர்கள் தம்பானை வேடர்கள். மஹியங்கனைக்கு அப்பால், ஊவாவின் வடகிழக்கு விளிம்பில் இருப்பது தம்பானை. பாறை உச்சியிலிருந்து கொடியேணியில் இறங்கி, புகை காட்டி மலைத்தேனீயின் அடையை எடுத்தவர்கள் அவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலில் அதன் விவரங்கள் உண்டு. 1983 இல் மதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, அவர்களது வேட்டைக் காடும் தேன் காடும் சட்டத்தின் மறுபக்கம் போயின. பல குடும்பங்கள் ஹெனானிகலைக்கு மாற்றப்பட்டன. தலைவர் ஊருவரிகே திஸாஹாமி 1998 இல் இறக்கும்வரை தம்பானையைவிட்டுப் போக மறுத்தார். இன்று அங்கு வண்டி வண்டியாகப் பயணிகள் போகிறார்கள். தோளில் கோடரியுடன் நின்று படத்துக்கு முகம் கொடுக்கிறார்கள் வேடர்கள். போத்தலில் தேன் விற்கப்படுகிறது. தேன் எடுக்கும் உரிமையைக் கட்டுப்படுத்திவிட்டுத் தேன் எடுக்கும் மரபைக் காட்சிப்பொருளாக்குவது ஒருவகைக் கெட்டித்தனம். காட்டைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏணியில் இறங்கித் தேன் எடுத்தவனால் அந்தக் காடு அழிந்ததாக எவரும் நிரூபித்ததாக நான் அறியேன். அதே காலத்தில் மகாவலித் திட்டத்துக்காக இயந்திரங்கள் சாய்த்த காட்டின் பரப்பு எல்லோரும் அறிந்தது.

தேன் போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவோரத்தில் வாங்கும் தேன் சீனிப் பாகா, கித்துள் பாணியா என்று அறிய நம்மவர்கள் பல சோதனைகள் வைத்திருக்கிறார்கள். தீக்குச்சியில் தோய்த்து உரசுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, பத்திரிகைத் தாளில் ஒரு துளி விட்டு ஊறுகிறதா என்று பார்ப்பது. எங்கள் தொழிலின் பயன்களில் இது கடைசியானது. இவற்றில் எதையும் நம்பமுடியாது. சர்வதேச உணவு நியமம் தேனில் பொதுவாக நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் இருக்கலாகாது என்கிறது. நமது ஈரக் காலநிலையில் ஆசியத் தேனீ சேர்க்கும் நல்ல தேனிலேயே அதைவிடக் கூடுதலாக நீர் இருக்கக்கூடும். ஆகவே உண்மையான தேன் சோதனையில் தோற்கவும், கெட்டியாகக் காய்ச்சிய பாகு வெல்லவும் இடமுண்டு. வாங்குபவருக்கு நம்பிக்கை தரக்கூடியது ஒன்றுதான். யார் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்ற விவரம்.

இதைச் செய்து காட்டிய நாடு ஸ்லோவேனியா. ஏறக்குறைய இருபது இலட்சம் மக்களுக்குள் தேனீ வளர்ப்போர் மட்டும் பத்தாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். அந்நாட்டவரான அன்டன் யான்ஷா, 1770 முதல் வியன்னாவில் மரியா தெரேசா பேரரசியின் ஆட்சியில் தேனீ வளர்ப்புக் கற்பித்தவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற மே 20 ஆம் திகதியையே, ஸ்லோவேனியாவின் வேண்டுகோளின்பேரில், உலகத் தேனீ தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2017 இல் பிரகடனம் செய்தது. அங்கு பெட்டிகளின் முகப்புப் பலகைகளில் வர்ணச் சித்திரம் தீட்டும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. மாதாவும் புனிதர்களும் மட்டுமல்ல, வேட்டைக்காரனின் பிரேதத்தைக் காட்டு விலங்குகள் சுமந்து செல்லும் கேலிச் சித்திரங்களும் உண்டு. ராடோவ்லிட்சா என்ற சிறு நகரில் இதற்கெனவே அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. 2022 இல் யுனெஸ்கோவும் அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்க்க வரும் பயணிகளால் கிராமங்கள் பிழைக்கின்றன.

நமது அதிகாரிகள் இத்தகைய உதாரணங்களைப் பார்த்துவரப் பயணம் போவதில் சளைத்தவர்களல்லர். திரும்பிவந்ததும் வர்ணம் தீட்டிய பெட்டிகளை எல்லவில் வரிசையாக வைக்கலாம் என்று யாருக்கேனும் தோன்றக்கூடும். பெட்டியைக் கொண்டுவரலாம். அங்குள்ள தேனீ நூற்றாண்டுகளாகப் பெட்டிக்குப் பழகிய சாதுவான இனம். நமது மீ மெஸ்ஸா மனம் நொந்தால், பூ குறைந்தால், பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் நஞ்சு தெளித்தால் ஒரு காலையில் பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போய்விடும். இதைவிடப் பெரிய வேறுபாடு இன்னொன்று. அந்நாட்டில் பயணிக்குக் கதவு திறப்பவர் தமது சொந்த வீட்டின் கதவைத் திறக்கிறார். பெட்டி அவருடையது. பெட்டி நிற்கும் நிலமும் அவருடையது.

தோட்டத்தில் அந்தக் கதவு யாருடையது? தேயிலைத் தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 முதல் கம்பனிகள் நிருவகிக்கின்றன. காணியின் உரிமை அரசாங்கத்திடம், பயன்பாடு கம்பனியிடம். இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்த சமூகத்தில், பெரும்பாலானோருக்குத் தாம் வாழும் லயன் அறைக்கே உறுதி இல்லை. தேனீப் பெட்டிக்கு வேண்டியது இரண்டு சதுர அடி நிலம். அந்த இரண்டு சதுர அடிக்கும் துரையின் அனுமதி வேண்டும். அந்த அம்மாவின் மகன் எல்லவில் வண்டி ஓட்டுகிறார். பயணிகள் தோட்டத்தைப் பார்க்க விரும்பிக் கேட்கிறார்கள், தன் வீட்டுக்கே அழைத்துச் சென்று தேநீர் கொடுக்கலாம், இரண்டு பெட்டி வைத்தால் தேனும் விற்கலாம் என்று அவர் என்னிடம் சொன்னார். வீட்டின் பின்புறத்தில் பழைய பெட்டியொன்றை ஒருமுறை வைத்ததாகவும், பெட்டியால் மலையில் வேலை செய்வோருக்கு ஆபத்து என்று காரணம் கூறி அதை அகற்றச் சொன்னதாகவும் கூறினார். சவுக்கு மரத்தில் ஆளுயரத்துக்கு மலைத்தேனீ தொங்கும் தோட்டத்தில் இந்தக் காரணம் கூறப்பட்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

உல்லாசப் பயணத்தை எதிர்ப்பவனாக என்னை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னும், 2020 கொரோனாவின்போதும், 2022 நெருக்கடியிலும் பயணிகள் வராமல் எல்ல எப்படி வாடியது என்பதை அறிவேன். ஆனால் தேனீயை வைத்து ஒரு தொழில் தொடங்குவதாயின், அது தேனீயோடு ஏற்கெனவே வாழ்பவர்களிடமிருந்து தொடங்கட்டும். தம்பானையில் பருவத்துக்கு இத்தனை அடை என்று வரையறுத்துத் தேன் எடுக்கும் உரிமையை வேடர்களிடம் எழுத்தில் கொடுக்கட்டும். வெலிமடையின் பானைக்காரர் பெயரோடு அவரது போத்தல் விற்கட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டோடு சேர்த்து நாலு பேர்ச் வாசலும் உறுதியோடு கிடைக்கட்டும், அங்கே அவர் பெட்டி வைக்கட்டும். பிந்துனுவெவவின் பயிற்சி தமிழிலும் அவரைத் தேடி வரட்டும். மலைத்தேனீ அடை தொங்கும் மரத்தைச் சுற்றி அந்தப் பருவம் முழுவதும் கொழுந்து பறிக்கக் கூடாது என்று ஒரு விதி வரட்டும். அடையைக் கொளுத்துவது இப்போது வழக்கமாகிவருகிறது, அது தேவையில்லை. மரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட ஆகும் செலவு ஒரு வாளிச் சுண்ணாம்புதான். சில நூறு கொழுந்துச் செடிகள் சில வாரங்கள் ஓங்கி வளர்வது ஒரு கம்பனியை வங்குரோத்தாக்காது. அந்த மரத்தைத் தூர நின்று பார்க்கவே பணம் கொடுக்கும் பயணி பக்கத்து ஊரில் தங்கியிருக்கிறார்.

கொழும்புக்குத் திரும்பி இதை எழுதிக்கொண்டிருந்தபோது, மலையகத்தில் செய்தியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் வேறு விடயமாகத் தொலைபேசியில் பேசினார். அன்று காலையும் ஒரு தோட்டத்தில் ஆறு பெண்கள் கொட்டப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறார்கள். செய்தி அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். அனுப்பிவிட்டேன் ஐயா, குளவிக் கொட்டு, ஆறு பேர் என்றார். வைத்தியசாலைக்குப் போய், உடம்பிலிருந்து முள் எடுத்தார்களா என்று தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்படி வேண்டினேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப அழைத்தார்.

“எடுத்திருக்கிறார்கள் ஐயா. ஒருவருக்கு மட்டும் நாற்பதுக்கு மேல்.”

மரம் எது என்று விசாரித்தீர்களா என்றேன். போன வருடமும் அதே மரம்தானாம்.